பேலட் மரத்தில் டீப்பாய்: பலகை ஏன் பிரிகிறது, கால் ஏன் ஆடுகிறது

சரக்கு அடுக்கும் மரத்தட்டுகளான பேலட்டுகளில் கழித்துப் போட்டவற்றைப் பிரித்து ஒரு டீப்பாய் செய்தீர்கள். பிரித்த அன்றே ஆறு பலகையைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டினீர்கள். மூன்று மாதத்தில் பலகைகளுக்கு நடுவே ஒரு நாணயம் நுழையும் அளவு இடைவெளி விழுந்துவிட்டது, கால்களும் ஆடுகின்றன. மரம் மட்டமா, செய்த வேலை மட்டமா என்பது உங்கள் முதல் கேள்வி. மீதி இருக்கும் நாலு பேலட்டில் இன்னொரு டீப்பாயும் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஒரு கட்டிலும் செய்யலாமா, கையில் இருக்கும் ட்ரில்லும் கை ரம்பமும் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த மரத்தை நம்பி வீட்டுக்குள் வைக்கலாமா? டீப்பாய்க்கு நம்பலாம். கட்டிலுக்கு வேண்டாம். இடைவெளிக்கும் ஆட்டத்துக்கும் மரத்தைக் குறை சொல்ல முடியாது.

இடைவெளியை முதலில் பார்ப்போம். பேலட் என்பது சரக்கு சுமந்து சில வருடம் உழைத்துவிட்டுக் கழிய வேண்டிய பொருள். அதற்கு மரத்தை மேசை நாற்காலிக்கு உலர்த்துவது போல உலர்த்துவதில்லை. வெளியே கிடந்த பேலட்டில் ஈரப்பதம் 20 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பது சாதாரணம். வீட்டுக்குள் வைத்த மரம் மெல்ல மெல்ல 12 சதவீதத்துக்கோ அதற்கும் கீழேயோ இறங்கும். பைன் போன்ற மரம் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அகலத்தில் சுமார் 0.2 சதவீதம் சுருங்கும். அறுத்த விதத்தைப் பொறுத்து இது கொஞ்சம் கூடும், குறையும். 95 மி.மீ. அகலப் பலகை 20-லிருந்து 12-க்கு இறங்கினால் ஒன்றரை மில்லிமீட்டர் போய்விடும். உங்கள் மேசையில் நாணயம் நுழைவது இந்தக் கணக்கோடு அப்படியே ஒத்துப்போகிறது. பசை ஏன் இழுத்துப் பிடிக்கவில்லை என்றால், வெயில் பட்டுச் சாம்பல் நிறமான மேற்பரப்பில் மர நார்கள் ஏற்கெனவே செத்துப்போனவை. பசை அவற்றைத்தான் பிடித்திருக்கும். அவை அடிமரத்திலிருந்து தூளாக உரிந்து வந்துவிடும். பிரிந்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். பசைப் படலத்தின் மேல் சாம்பல் நிற நார் மெல்லிய பஞ்சு போல ஒட்டியிருந்தால் காரணம் இதுதான்.

அதனால் அடுத்த முறை பேலட்டைப் பிரித்ததும் சுத்தியலையும் பசையையும் எடுத்து வைத்துவிடுங்கள். பலகைகளை வீட்டுக்குள் அடுக்குங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே 20 மி.மீ. கனத்தில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டுகளை 400 மி.மீ. இடைவெளியில், மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்க்கோட்டில் வையுங்கள். உச்சியில் கனமாக எதையாவது ஏற்றுங்கள். உலரும்போது பலகை முறுக்கிக்கொள்ளாமல் இருக்க அந்தப் பாரம் வேண்டும். ஈரமானி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை. ஒரு பலகையை எடுத்து சமையலறைத் தராசில் நிறுத்து, எடையைப் பென்சிலால் அதன் மேலேயே எழுதிவையுங்கள். வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து எடை மாறவில்லை என்றால் அது உங்கள் அறையின் காற்றோடு சமாதானமாகிவிட்டது என்று அர்த்தம். 20 மி.மீ. பலகைக்கு நாலிலிருந்து எட்டு வாரம் பிடிக்கலாம். மழைக்காலத்தில் இன்னும் இழுக்கும். ஒரே நாளில் பேலட்டைப் பிரித்து மேசையாக்கிக் காட்டும் வீடியோக்களில் விட்டுப்போவது இந்த எட்டு வாரம்தான்.

இனி எந்தப் பேலட்டைத் தொடலாம் என்பது. நாடு விட்டு நாடு போகும் மரப் பேலட்டுகளுக்கு ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதி 2002-லிருந்து இருக்கிறது. மரத்தோடு பூச்சி பயணம் செய்வதைத் தடுப்பது அதன் நோக்கம். பக்கவாட்டுக் கட்டையில் தீயாலோ மையாலோ பதித்த ஒரு கட்டம் இருக்கும்: கதிர் போன்ற ஒரு சின்னம், ஐ.பி.பி.சி. (IPPC) என்ற எழுத்துகள், இரண்டெழுத்து நாட்டுக் குறி, தயாரிப்பாளர் எண், கடைசியில் ஆங்கிலத்தில் இரண்டெழுத்துச் சுருக்கம். நீங்கள் பார்க்க வேண்டியது அந்தக் கடைசி இரண்டெழுத்தை. எச்.டி. (HT) என்றால் மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸ் சூடு குறைந்தது 30 நிமிடம் விடாமல் நின்றிருக்கிறது. டி.எச். (DH) என்றால் மைக்ரோவேவ் போன்ற முறையில் சூடாக்கியது. இரண்டையும் எடுக்கலாம். எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயுவில் வைத்தது. அதை எடுக்க வேண்டாம்.

இந்த முத்திரையைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படுவதில் உறுதியானதும் உறுதியில்லாததும் கலந்து கிடக்கின்றன. மெத்தில் புரோமைடு மனிதர்களுக்கு நஞ்சு, ஓசோன் படலத்தையும் அரிக்கிறது, இது உறுதி. மான்ட்ரியல் ஒப்பந்தப்படி வளர்ந்த நாடுகள் 2005-க்குள்ளும் வளரும் நாடுகள் 2015-க்குள்ளும் அதன் பொதுப் பயன்பாட்டை நிறுத்தின. சரக்குகளின் பூச்சி ஒழிப்புக்கு மட்டும் விலக்கு உண்டு என்பதால் எம்.பி. முத்திரை இன்னும் கண்ணில் படலாம். ஆனால் அது வாயு, மரத்திலிருந்து வெளியேறிக்கொண்டே இருக்கும். பல வருடப் பழைய எம்.பி. பேலட் உங்களுக்கு நோய் தரும் என்று யாராவது அடித்துச் சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. எச்.டி. பேலட் தேடினால் கிடைக்கும்போது அந்தச் சந்தேகத்தை வீட்டுக்குள் கொண்டுவர அவசியமில்லை, அவ்வளவுதான் என் வாதம். அதே மாதிரி, எச்.டி. என்று இருந்தாலே ரசாயனமே படாத மரம் என்று நினைப்பதும் தவறு. பூஞ்சை பிடிக்காமலிருக்க அறுத்த மரத்தை மருந்தில் முக்குவது சில இடங்களில் வழக்கம். அதைப் பற்றி முத்திரை ஒன்றும் பேசாது. எச்.டி. என்றால் உலர்ந்த மரம் என்றும் அர்த்தமில்லை. அரை மணி நேரச் சூட்டில் பூச்சி சாகும், ஈரம் போகாது. முத்திரையே இல்லாத பேலட் பெரும்பாலும் உள்நாட்டுக்குள் மட்டும் சுற்றியதாக இருக்கும். அதைக் கெட்டது என்று ஒதுக்கவும் முடியாது, நல்லது என்று சான்று தரவும் முடியாது.

முத்திரையைவிட முக்கியமானது கறை. பேலட் செய்த பிறகு அதன் மேல் என்ன சிந்தியது என்பதற்கு எந்த ஆவணமும் இல்லை. எண்ணெய்க் கறை, நிறம் மாறிய திட்டு, மூக்கைச் சுளிக்க வைக்கும் வாசனை, வெள்ளைப் பொடி படிந்த மூலை, இதில் எது இருந்தாலும் விட்டுவிடுங்கள். இழைத்தால் போய்விடும் என்று நம்பாதீர்கள். திரவம் நார் வழியே உள்ளே இறங்கியிருக்கும். சின்ன ஓட்டைகளும் அவற்றின் கீழே புதிதாக உதிர்ந்த மாவு போன்ற தூளும் இருந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. சூடாக்கிய மரத்திலும் பிற்பாடு வண்டு ஏறலாம். பைன் மரத்தில் நீலமோ சாம்பலோ கோடாக ஓடியிருந்தால் மட்டும் கவலை வேண்டாம். அது ஒரு பூஞ்சை விட்டுப்போன நிறம், மரத்தின் பலத்தைக் குறைக்காது. நீலம், சிவப்பு என்று முழுக்க வண்ணம் பூசிய பேலட்டுகள் பெரும்பாலும் வாடகைக்கு விடும் நிறுவனங்களுக்குச் சொந்தமானவை. குப்பையோரம் கிடந்தாலும் அவர்கள் பொருள்தான். மற்றவற்றையும் இடத்துக்காரரைக் கேட்டுவிட்டு எடுங்கள். அப்போது அதில் என்ன சரக்கு வந்தது என்றும் கேட்டுவிடலாம்.

பிரிக்கும் வேலைக்கு வருவோம். பலகை நாசமாவது இங்கேதான். பேலட் ஆணியைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் உடம்பு முழுக்க வளையமோ முறுக்கோ தெரியும். அடிக்கும்போது நார் வளைந்து வழிவிடும், அடித்த பிறகு அந்த வளையங்களுக்குள் திரும்ப விழுந்து பூட்டிக்கொள்ளும். பிடுங்கினால் ஆணி நாரைக் கிழித்துக்கொண்டுதான் வரும். அதோடு ஆணிகள் பலகை முனையிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதால், கம்பியை விட்டு நெம்பினால் முனை நீளவாக்கில் பிளந்துவிடும். அதனால் ஆணியைப் பிடுங்காதீர்கள், அறுங்கள். பலகைக்கும் அடிக்கட்டைக்கும் நடுவே, ஆணிக்கு ஒட்டியே, ஒரு மெல்லிய மர ஆப்பை இறக்குங்கள். ஒரு பக்கம் இரண்டு தட்டு, மறுபக்கம் இரண்டு தட்டு என்று மாறி மாறித் தட்டி மூன்று நாலு மில்லிமீட்டர் திறந்தால் போதும். அந்தச் சந்தில் ஹாக்சா பிளேடை விட்டு ஆணியை அறுத்துவிடலாம். பிளேடின் ஒரு முனையில் துணியைத் தடிமனாகச் சுற்றிக்கொண்டால் அதுவே கைப்பிடி. மின்சார முன்பின் ரம்பமும் உலோகம் அறுக்கும் பிளேடும் கிடைத்தால் ஒரு பேலட் பதினைந்து இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். கையால் செய்தால் ஒரு மதியம் போகும். தடித்த கையுறை, கண் கண்ணாடி இரண்டும் இல்லாமல் தொடங்காதீர்கள். அறுபட்ட ஆணியின் தலை பலகையிலேயே நிற்கும். பலகையைத் திருப்பிப் போட்டு, நுனி மழுங்கடித்த பெரிய ஆணி ஒன்றை அறுபட்ட முனையில் வைத்துத் தட்டினால் தலை மறுபக்கம் எழும்பும். சுத்தியலின் பின்பக்கத்தால் அதை எடுத்துவிடலாம். முதல் பேலட்டில் மூன்றில் ஒரு பலகை போகும் என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இழைப்பதற்கு முன் ஒவ்வொரு பலகையின் மேலும் ஒரு பலமான காந்தத்தை நகர்த்துங்கள். உள்ளே உடைந்து நிற்கும் ஆணித்துண்டு, ஸ்டேப்ளர் பின் எல்லாம் இழுக்கும். அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். ஒரு பின் போதும், இழைப்புளியின் அலகு பல்லாகிவிடும். எல்லா உலோகமும் எடுத்தபின் இழைப்புளியால் ஒரு மில்லிமீட்டர் எடுத்தால் சாம்பல் தோல் போய் உயிருள்ள மரம் தெரியும். உப்புத்தாள் 60 அல்லது 80-ல் தொடங்கி 120, கடைசியில் 180. அதற்கு மேல் இந்த மரத்துக்கு வீண் வேலை. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே வகைப்படுத்தியிருக்கிறது. இங்கே தூளோடு என்னவென்று தெரியாத அழுக்கும் சேர்கிறது. துணியைக் கட்டிக்கொண்டு செய்யாதீர்கள், என்-95 அல்லது அதற்குச் சமமான முகக்கவசம் போடுங்கள். திறந்த வெளியில் தேயுங்கள், அந்த நேரம் குழந்தை பக்கத்தில் வேண்டாம்.

உங்களிடம் உள்ள கருவிகளுக்கு ஏற்ற ஒரு டீப்பாய் கணக்கு சொல்கிறேன். 1000 நீளம், 432 அகலம், 418 உயரம், எல்லாம் மில்லிமீட்டரில். கால் ஒவ்வொன்றும் இரண்டு பலகை சேர்ந்த மூலை வடிவம்: ஒன்று 80 அகலம், மற்றது 60 அகலம், இரண்டும் 400 நீளம், 20 கனம். 80 அகலப் பலகை நீளப் பக்கத்தைப் பார்த்து நிற்க, 60 அகலப் பலகையின் விளிம்பு அதன் பின்முகத்தில் முட்ட வேண்டும். பசை போட்டு 4×40 திருகாணி (4 மி.மீ. கனம், 40 மி.மீ. நீளம்) மூன்று. சேர்ந்தால் இரண்டு பக்கமும் 80 வரும். நீளச் சட்டம் 860×80 இரண்டு, குறுக்குச் சட்டம் 320×80 இரண்டு. இவற்றைக் காலின் உள்முகத்தோடு முகம் ஒட்டி, பசையும் மூட்டுக்கு இரண்டு 4×35 திருகாணியும் போடுங்கள். கூட்டின் வெளி அளவு 900×400 வரும். உங்கள் பலகை 20 கனம் இல்லையென்றால் சட்ட நீளங்கள் மாறும். எல்லாவற்றையும் முதலிலேயே வெட்டிவிடாமல், கால்களை நிறுத்திவைத்து அளந்து வெட்டுங்கள். மேலுக்கு 84 அகலத்தில் ஐந்து பலகை, நடுவே 3 மி.மீ. இடைவெளி. வெட்டுக்கழிவு சேர்த்து 18 மீட்டர் பலகை கைவசம் வேண்டும். சாதாரணமாக அது மூன்று பேலட்.

முகத்தோடு முகம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உங்கள் ஆடும் கால். சட்டத்தின் வெட்டுமுனைக்குள் ஆளுக்கொரு திருகாணி போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நார் முடியும் அந்தப் பக்கத்தில் திருகாணியின் மரை நார்களுக்கு நடுவே நுழைகிறதே தவிர எதையும் குறுக்கே பிடிப்பதில்லை. கொஞ்ச நாள் ஆட்டத்தில் ஓட்டை பெரிதாகிவிடும். பசையையும் அந்த முனை உறிஞ்சிவிடும். இரண்டு பலகையின் அகலமான முகங்கள் 60×80 பரப்பில் ஒட்டியிருந்தால் திருகாணியையே எடுத்துவிட்டாலும் மூட்டு நிற்கும். துளை போடும் விதமும் முக்கியம். மேலே வரும் பலகையில் நாலரை மி.மீ. துளை, கீழே வரும் பலகையில் இரண்டரை மி.மீ. துளை. மேல் துளையில் திருகாணி தாராளமாகப் போய்வர வேண்டும். அங்கேயும் மரை கடித்தால் இரண்டு பலகைக்கும் நடுவே முடியளவு இடைவெளி நின்றுவிடும், எவ்வளவு முறுக்கினாலும் மூடாது. உலர்ந்த பேலட் மரம் சுலபமாகப் பிளக்கும். துளை போடாமல் திருகாணியை இறக்கினால் முனைப்பக்கம் ஒவ்வொன்றாகக் கீறும்.

மேல்பலகைகளை இந்த முறை ஒட்டவே வேண்டாம் என்பேன். நேரான விளிம்பு இழைக்க நீண்ட இழைப்புளியும் நாலைந்து நீளக் கிளாம்பும் இல்லாமல் ஒட்டினால் திரும்பப் பிரியும். ஒட்டிய 430 மி.மீ. மேல்பரப்பு பருவத்துக்குப் பருவம் மூன்று நாலு மில்லிமீட்டர் விரிந்து சுருங்கும், அதற்குத் தனியாக வழிவிட வேண்டும். இடைவெளி விட்ட தனிப்பலகைகள் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்குள் அசையும், எதுவும் வெடிக்காது. நடுவே தூசி சேரும் என்பது உண்மைதான்; நான் அதைச் சகித்துக்கொள்வேன். சட்டக்கூட்டின் உள்பக்கம் நாலு புறமும் 20×20 ரீப்பரைச் சட்டத்தின் மேல்விளிம்போடு சமமாகத் திருகி, அதன் வழியாகக் கீழிருந்து மேலே 4×30 திருகாணி போட்டால் மேலே ஒரு தலையும் தெரியாது. மேல்பலகை இழைத்தபின் 18 மி.மீ.தான் இருக்கும், அதனால் நீளமான திருகாணி போட்டு நுனியை வெளியே வரவிடாதீர்கள். நீளத்தின் நடுவில் 320×80 குறுக்குக்கட்டை ஒன்றை நிமிர்த்தி நிறுத்துங்கள். அதன் இரு முனையையும் சட்டத்தில் திருகிய சிறு கட்டைகளோடு இணைக்க வேண்டும், வெட்டுமுனைக்குள் திருகக் கூடாது. அதன் பக்கத்திலும் ஒரு ரீப்பர் திருகி மேல்பலகைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டை இல்லாமல் யாராவது மேசையின் நடுவில் உட்கார்ந்தால் கணு இருக்கும் பலகை உடையும்.

சில பேலட்டுகளில் மூலைக்கட்டைகள் மரத்தூளை அழுத்திச் செய்தவை. அவற்றில் கால் செய்ய நினைக்காதீர்கள். ஈரம் பட்டால் ஊதி உதிரும். கீழ்ப்பக்கம் வளைவாக வெட்டிய அடிக்கட்டைகளும் அந்த வளைவில் பலமில்லாதவை, வளைவுக்கு இடைப்பட்ட துண்டை மட்டும் பயன்படுத்துங்கள். பூச்சுக்குத் தண்ணீர் கலக்கும் பாலியூரித்தேன் வார்னிஷ் மூன்று பூச்சு போதும். முதல் பூச்சில் நார் எழும்பி நிற்கும், 220 உப்புத்தாளால் லேசாகத் தடவிவிட்டு அடுத்ததைப் போடுங்கள். அடிப்பக்கத்துக்கும் வெட்டுமுனைகளுக்கும் போட மறக்காதீர்கள். ஆளிவிதை எண்ணெய் பூசுவதாக இருந்தால் துடைத்த துணியைச் சுருட்டி எறியக் கூடாது. அந்த எண்ணெய் காயும்போது சூடாகும், சுருண்ட துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியே ஒற்றையாக விரித்துக் காயவைத்துப் பிறகு போடுங்கள்.

குழந்தையின் கட்டிலுக்கு வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேன். அந்த வயதுக் குழந்தை கம்பியைக் கடிக்கும், நக்கும், இரவெல்லாம் முகத்தை அதில் வைத்துத் தூங்கும். மரத்தின் முன்கதை தெரியாது. எவ்வளவு தேய்த்தாலும் பைன் சிராய் எழும்பும். காந்தத்துக்குத் தப்பிய பின் ஒன்று போதும். அதோடு தொட்டில் கட்டிலுக்குக் கம்பி இடைவெளியே பாதுகாப்பு விஷயம்: அமெரிக்க விதி 60 மி.மீ.க்கு மேல் விடக் கூடாது என்கிறது, தலை சிக்கிக்கொள்ளும் என்பதால். அந்தத் துல்லியமும், உலுக்கினால் கழலாத மூட்டும் புது மரத்திலேயே கவனமாகச் செய்ய வேண்டியவை. இதே காரணத்துக்காகக் காய் நறுக்கும் பலகை, உணவு நேரடியாகப் படும் தட்டு எதுவும் பேலட்டில் வேண்டாம்.

பழைய டீப்பாயைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. மூன்று மாதத்தில் அதன் மரம் பெரும்பாலும் உலர்ந்திருக்கும். இடைவெளியில் மரத்தூளும் பசையும் குழைத்த லப்பம் அடைக்காதீர்கள். மழைக்காலத்தில் பலகை விரியும்போது அது பிதுங்கிக்கொண்டு வரும், அல்லது பலகையே வளையும். மேல்பரப்பைக் கழற்றி, ஒட்டு விட்ட இடங்களை முழுக்கப் பிரித்து, விளிம்புகளை இழைத்து, அதே பலகைகளை 3 மி.மீ. இடைவெளியோடு தனித்தனியாகத் திருகுங்கள். ஆடும் கால்களுக்கு, ஒவ்வொரு மூலையிலும் உள்பக்கம் 60 மி.மீ. அகலத் துண்டு ஒன்றைக் காலின் முகத்தோடும் சட்டத்தின் முகத்தோடும் சேரும்படி பசையும் நாலு திருகாணியும் போட்டு இறுக்கினால் ஆட்டம் நின்றுவிடும். பசை போடும் இடத்தில் பழைய பூச்சோ சாம்பல் தோலோ இருந்தால் முதலில் சுரண்டிவிடுங்கள். அந்தக் கால்கள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்று உங்கள் வர்ணனையிலிருந்து என்னால் ஊகிக்கத்தான் முடிகிறது. மேசையைக் கவிழ்த்து, மூலைகளைக் கிட்டத்திலிருந்து எடுத்த படம் ஒன்றைப் போடுங்கள், துண்டை எங்கே வைப்பது என்று குறித்துத் தருகிறேன்.